ஏரிக்குக் கீழே வீடு கட்டியவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் பணியாற்றிய பொறியியல் கல்லூரிக்கும் காக்கப்பட வேண்டிய மதிப்பு ஒன்று உண்டு. பெயரில்லாமலே அவரை அடையாளம் கண்டுகொள்ளக்கூடியவர்கள் சேலத்தில் இன்னும் சிலர் இருக்கலாம். அவர்கள் பண்பறிந்தவர்கள் என்னும் நம்பிக்கையில் எழுதுகிறேன். அவரைப் பற்றி ஊரில் உலவிய பேச்சு அரைகுறையானது. அந்தக் குறை என் காலத்துக்குள் தீர வேண்டும் என்பதே என் நோக்கம்.

நான் அக்கல்லூரியில் கணிதத் துறைத் தலைவனாக இருந்தேன். அவர் கட்டுமானப் பொறியியல் துறைப் பேராசிரியர். ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. வெள்ளமும் ஏரி உடைப்பும் எங்கே, எந்த அளவு வாய்ப்புடன் நேரும், நேர்ந்தால் யார் யாருக்கு என்ன கேடு வரும் என்று கணித மாதிரிகள் அமைத்து மதிப்பிடுவது அவர் ஆய்வுத் துறை. இன்று அதற்கு மதிப்பும் கூட்டமும் உண்டு. எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் அப்படியொரு படிப்பு இருப்பதையே நம்பாதவர்கள் பேராசிரியர்களிலேயே இருந்தார்கள்.

“பாலம் கட்டறதுதான் சார் பாடம். பாலம் போறது ஒரு பாடமா?” என்று முதல்வர் ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார்.

“போனதுக்கப்புறம் அது மட்டுந்தான் சார் பாடம்” என்றார் இவர். முதல்வர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

எதையும் உறுதியாகச் சொல்லமாட்டார் என்பதே அவரைப் பற்றி எல்லோரும் முதலில் அறிந்துகொள்வது. மழை வருமா என்று கேட்டால் மட்டுமல்ல, பேருந்து வருமா என்று கேட்டாலும் “வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்” என்பார். மாணவர்கள் அவருக்கு ‘ஒருவேளை சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும், வருத்தமில்லை. எங்கள் வட்டாரத்தில் திருமணத்துக்கு அழைக்க வந்தவரிடம் “கண்டிப்பா வந்தர்றனுங்க” என்று சொல்லி அனுப்புவது குறைந்தபட்ச மரியாதை. சொன்னவர் போகாவிட்டாலும் யாரும் தவறாக எண்ணுவதில்லை, சொல்லாவிட்டால்தான் தவறு. இவர் அந்த மரியாதையை யாருக்கும் அளித்ததில்லை. “வரக்கூடும்” என்று சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு, தட்டில் வைத்த பத்திரிகையைத் திரும்ப எடுத்துப் போனவர் ஒருவர் உண்டு. அந்தத் திருமணத்துக்கும் இவர் போனார். முதல் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அவருடைய மனைவி இதையெல்லாம் என்னிடம் முறையிடுவார். முறையீட்டில் பாதி பெருமை.

“உப்பு போதுங்களான்னு கேட்டேனுங்ணா. இன்னும் ரெண்டு வாய் தின்னு பாத்துட்டுச் சொல்றேங்கறாங்க. ரெண்டு வாய் ரெண்டு வாயின்னு கொளம்பே தீந்து போச்சு. அப்பத்தான் சொல்றாங்க, போதுமாட்ட இருக்குதுன்னு.”

இது ஏட்டுப் படிப்பினால் வந்த வறட்டுக் குணம் என்று முதலில் நானும் எண்ணியதுண்டு. அவர் பிறந்தது மோகனூர்ப் பக்கம், காவிரிக்கரை. அவர் வீட்டுக் களஞ்சியச் சுவரில் எப்போதோ வந்த வெள்ளம் ஒரு கோடு விட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் அதன்மேல் வெள்ளையடிப்பார்களாம். சிறு வயதில் இவர் அதை ஆணியால் மறுபடி கீறி வைப்பாராம். “நல்ல நாளும் அதுவுமா கோடு போட்டு வெக்கறான் பாரு” என்று தகப்பனார் அடித்திருக்கிறார். வெள்ளம் வராது என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. வரும் என்று நினைவூட்டுவதைத்தான் பொறுக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, “என் ஆராய்ச்சியில பாதி அந்தச் சுவர்தான் சார்” என்றார். அதன்பின் நான் அவர் குணத்தைக் குறைத்து எண்ணவில்லை.

அக்காலத்தில் எங்கள் கல்லூரியில் கணிப்பொறி இல்லை. துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போய், முறை வரும்வரை காத்திருந்து, விடையை வாங்கிவர வேண்டும். அட்டைகளில் ஒன்று இடம் மாறினாலும் வேலை முழுவதும் வீண். அந்தப் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் பேருந்தில் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானும் உடன் போனேன். பெட்டியைக் கூரைமேல் போடச் சொன்னார் நடத்துநர். இவர் மறுத்தார்.

“ஏன் சார், உள்ள முட்டைங்களா?”

“இல்லீங்க. மழை.”

“மழையா?”

“சேலம் ஜில்லாவுல இத்தனை வருஷமாப் பேஞ்ச மழை.”

நடத்துநர் என்னைப் பார்த்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். “அப்ப மழைக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க சார்” என்று அவர் சொல்ல, இவர் உண்மையாகவே எடுத்துவிட்டார். பேருந்து முழுவதும் சிரித்தது. பெட்டி அவர் மடியிலிருந்து பக்கத்து இருக்கைக்கு மாறியது. கை மட்டும் அதன்மேல் இருந்தபடியே இருந்தது.

அவருடைய ஆய்வின் சாரத்தை ஓரளவு விளக்க வேண்டும்; இல்லையேல் பின்னால் நடந்தது விளங்காது. சேலத்திலிருந்து நாமக்கல் வரையுள்ள சமவெளியில் ஏரிகள் சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. ஏரி நிறைந்தால் உபரி நீர் வழிந்தோடும் கற்சுவரை ஊரார் கோடி என்பார்கள். கோடியின் உயரத்துக்குமேல் ஏரியில் நீர் நிற்காது. நிற்காமல் இருப்பதே கரைக்குக் காப்பு. அரசாங்க வரைபடத்தில் கோடியின் உயரம் எழுதப்பட்டிருக்கும். எல்லோரும் அதை வைத்தே கணக்கிட்டார்கள்.

இவர் அப்படிச் செய்யவில்லை. வறட்சிக்குப் பிறகு ஏரி நிறையும் ஆண்டில் பாசனக்காரர்கள் கோடியின்மேல் மண் மூட்டைகளை அடுக்கி இரண்டடி நீரைக் கூடுதலாகத் தேக்குவார்கள் என்பதை அவர் அறிவார். அவருடைய மனைவியின் ஊரில் அது ஒரு சடங்காகவே நடந்தது. இராசிபுரத்துக்குத் தெற்கே உள்ள ஊர். வீட்டுக்கு ஒரு மூட்டை. வீட்டுப் பெண் தன் கையால் மண் நிரப்பித் தர வேண்டும். கிடாய் வெட்டி, மஞ்சள் பூசிய முதல் மூட்டையை ஊர்ப்பெரியவர் வீட்டார் வைப்பார்கள். மூட்டை வைக்காத வீட்டை ஊர் வீடாக மதிப்பதில்லை. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களும் சாக்கு அனுப்புவார்கள். அங்கே முதல் மூட்டை வைக்கும் உரிமை இவருடைய மைத்துனருடையது. இவர் வீட்டிலிருந்தே ஏரி நிறையும் ஆண்டில் ஒரு சாக்கு போகும். அவர் ஒருநாளும் மனைவியைத் தடுத்ததில்லை. தம் கணக்கில் அந்தச் சாக்கையும் சேர்த்துக்கொண்டார்.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் நல்ல மழையே மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அப்போதுதான் மக்கள் மகிழ்ச்சியால் ஏரியின் வாயை அடைக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. எங்கள் கல்லூரியில் நடந்த ஒரு கருத்தரங்கில் இதை வாசித்தார். சென்னையிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் எழுந்தார்.

“விவசாயியோட சந்தோஷத்தை நீங்க எந்த யூனிட்ல அளப்பீங்க?”

“மூட்டையில சார்.”

அரங்கமே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை, அடுத்த படத்தைக் காட்டுமாறு கேட்டுக்கொண்டார். தேநீர் வேளையில் அந்த நிபுணர் என்னிடம், “ஆள் கெட்டிக்காரர். ஆனா இது இன்ஜினியரிங் இல்லை” என்றார். இன்று வெளிவரும் நூல்களில் அதே கருத்து வேறு சொற்களில், வேறு நாட்டவர் பெயர்களில் இருப்பதைப் பார்க்கிறேன். அதைப் பற்றி நான் புலம்புவதில்லை, குறித்து வைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கடும் வறட்சி. பனமரத்துப்பட்டி ஏரியின் நடுவில் மாணவர்கள் நின்று நில அளவை பழகினார்கள். பிறகு ஒரு ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இராசிபுரம் பக்கத்து ஏரிகள் ஒவ்வொன்றாக நிறைந்த செய்தி வந்தது. அவர் மனைவி சாக்கில் மண் நிரப்பி, பொட்டு வைத்து, ஊருக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என் வீட்டு வாசலில் நின்றார். “ஏரியைப் பாக்கப் போறேன். வர்றீங்களா சார்?” என்றார். நான் போனேன்.

பேருந்தில் அவர் சொன்னார்: “மூட்டை வெச்சாச்சு. கரை பழசு. கீழ்ப்பக்கம் கசியுதுன்னு கேள்வி. இன்னொரு பெரிய மழை வந்து, அது இந்த ஏரி மேலயே பேஞ்சு, கரை தாங்காமப் போக... எல்லாம் சேத்துப் பாத்தா பத்துல ஒண்ணுன்னு வருது.”

“பெரிய எண் இல்லையே” என்றேன்.

“பத்துல ஒரு தடவை பிரேக் பிடிக்காதுன்னா அந்த லாரியை நாமக்கல்ல எவனாச்சும் ரோட்டுல உடுவானா சார்?” என்றார். சற்றுப் பொறுத்து, “கரைக்கு நேர் கீழே தறிக்காரங்க வீதி இருக்கு. குழித்தறி. தரையில குழி வெட்டி அதுல காலை உட்டுட்டு உக்காந்து நெய்யறாங்க. தண்ணி வந்தா எந்திரிக்கவே நேரம் இருக்காது” என்றார்.

கோடியில் திருவிழாபோல் கூட்டம். மேளம், வேப்பிலை, கிடாய்க் கறி வேகும் மணம். மூட்டைகள் ஒரே சீராக அடுக்கியிருந்தன. அவற்றின் விளிம்பில் நீர் ததும்பிக்கொண்டிருந்தது. மைத்துனர் இவரைவிட மூத்தவர். நெடிய உருவம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஓடி வந்து கைகளைப் பற்றிக்கொண்டார்.

“வாங்க மாப்ளே, வாங்க! தங்கச்சி வரலீங்களா? அவ மூட்டை வந்துருச்சு, அதா பாருங்க, தண்ணி அதுமேல நாக்குப் போடுது! இந்த ரெண்டடி போதுமுங்க. தை பொறந்து நெல்லு ஊட்டுக்கு வந்துரும்.”

“கரையைப் பாக்கணும் மச்சான்.”

“பாருங்க, நல்லாப் பாருங்க.”

கரையின் நெடுகிலும் நடந்தார். கீழ்ப்புறம் இறங்கி, கசிவு இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார். திரும்பி வந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவர், “வாத்தியாரு என்ன சொல்லப்போறாருன்னு தெரியாதாக்கும்? ஒருவேளைங்குவாரு!” என்றார். சிரிப்பு எழுந்தது. மைத்துனரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார்:

“இன்னிக்கு ஒருவேளை கிருவேளையெல்லாம் வேண்டாமுங்க மாப்ளே. கரை உடையுமா, உடையாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

மழை விட்டிருந்ததால் கீழே நெசவாளர் வீதியில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரு பக்கமும் ஆண்களும் பெண்களுமாய் நின்று நூலை நீவிக்கொண்டிருந்தனர். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தில் ஒன்று என்றுதான் சொல்வார், அதைக் கேட்டு இவர்கள் ஒன்பது நம் பக்கம் என்று மேளத்தை இன்னும் உரக்க அடிக்கச் சொல்வார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“உடையும்” என்றார்.

மேளம் தானாக நின்றது.

“மூட்டை இருக்கற வரைக்கும் உடையும் மச்சான். எடுத்துருங்க.”

வேறு எவர் சொல்லியிருந்தாலும் அந்த ஊர் கேட்டிருக்காது. அமைச்சரே வந்து சொல்லியிருந்தாலும் வாதாடியிருப்பார்கள். சோற்றுக்கு உப்பு போதும் என்றுகூட உறுதி சொல்லாத மனிதர் சொன்னதனால் எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மைத்துனர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். மஞ்சள் பூசிய முதல் மூட்டையை அவரே புரட்டித் தள்ளினார். அவரவர் வீட்டு மூட்டையை அவரவர் எடுப்பதுதான் முறையாம். வரிசையாக இறங்கினார்கள். கடைசியில் ஒரு மூட்டை நின்றது, சேலத்திலிருந்து வந்தது. எவரும் தொடவில்லை. இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கால்சட்டையோடு இறங்கித் தம் மனைவியின் மூட்டையைத் தூக்கினார். இரண்டடி நீரும் ஆரவாரமாய் வழிந்து ஓடையில் போயிற்று.

திரும்பும் பேருந்தில் மூக்குக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன்; துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அதன்பின் மழையே இல்லை. தீபாவளிக்குப் பிறகு வானம் துடைத்துவிட்டாற்போல் வெளுத்துக் கிடந்தது. பயிர் கதிர் வாங்கும் சமயத்தில் ஏரி வற்றியது. வழிந்துபோன அந்த இரண்டடி நீர் இருந்திருந்தால் நெல் வீடு வந்து சேர்ந்திருக்கும். அதைக் கணக்கிட என் போன்றவன் தேவையில்லை. ஊரே வைக்கோலை மட்டும் அறுத்தது.

மாசி மாதத்தில் மைத்துனர் கல்லூரிக்கு வந்தார். அவர் சினந்து வரவில்லை. சலவை வேட்டியில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். துறை அறையில் நான் இருந்தேன். இரண்டு விரிவுரையாளர்கள் இருந்தார்கள். மாணவர்கள் கூடத்தில் நின்றார்கள்.

“உங்க கிளாசுல படிக்கற எங்கூருப் பையன் ஒரு சங்கதி சொன்னானுங்க மாப்ளே. ஏரிக் கணக்கைப் பாடத்துல போட்டுக் காட்டுனீங்களாமா. பத்துல ஒண்ணுதான் உடையும்னு வந்துச்சாமா. நீங்க அன்னைக்கு உடையும்னு சொன்னீங்களே, அது கணக்குல இருந்துதுங்களா?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு மறுக்கக்கூடியவன் அவ்வறையில் நான் ஒருவனே. நான் மறுத்திருக்க மாட்டேன். மழை வந்திருந்தால் உடைந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம், அது முழுப் பொய்யும் ஆகாது. அவர் எழுந்து நின்று சொன்னார்:

“இல்லீங்க மச்சான். கணக்கு பத்துல ஒண்ணுதான். உடையும்னது நானாச் சொன்னது.”



“கணக்குத் தப்பாப் போயிருந்தா ஒண்ணுமில்லீங்க. மனுசன் போடற கணக்கு, தப்பத்தான் செய்யும். எங்க வயித்துல அடிச்சது கணக்கு இல்ல. நீங்க.”

“கீழ தறிக்காரங்க...”

“அவுங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? பத்துல ஒண்ணுன்னு சொல்லீருந்தா நாங்களே ரோசன பண்ணியிருப்பமுங்க. எங்களை ரோசன பண்ண உடாமப் பண்ணிப் போட்டீங்க.” கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் யோசித்திருப்பார்களா என்பதில் எனக்கு ஐயமுண்டு. இவருக்கு அந்த ஐயம் இல்லை போலும், தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பேச்சு பரவியது. பேராசிரியர் பொய்க் கணக்குச் சொல்லி ஏரியை வடித்துவிட்டார் என்பது அதன் வடிவம். கணக்கு பொய்யல்ல, சொல்தான் கணக்கை மீறியது என்று நான் பலரிடம் விளக்கினேன். வேறுபாடு எவருக்கும் விளங்கவில்லை. மாவட்ட அளவில் அமைத்திருந்த வெள்ளத் தடுப்புக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. அவர் பல்லாண்டு எழுதிவந்த நூல் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதன் நடுநாயகம் அந்த ஏரியைப் பற்றிய பகுதி. அதை அவரே எடுத்துவிட்டார். “நான் கை வெச்சுக் கலைச்ச ஏரி சார் அது. அதை எப்படிச் சான்றாக் காட்டறது?” என்றார். அப்பகுதி இல்லாமல் நூல் நிற்கவில்லை. வெளிவரவும் இல்லை.

மைத்துனர் மகள் திருமணத்துக்கு அவர் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. அவர் மனைவி அன்று எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்குப் பொய் சொன்னாங்களே, அதுக்கு எனக்குக் கோவமே இல்லீங்ணா. நாலு உசுருக்குச் சொன்னது. அப்பறம் போயி உண்மையச் சொன்னாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டுல ஒண்ணை உட்டுருக்கலாமுல்லீங்ணா?”



ஓய்வு பெற்றதும் அவர் ஒரு காரியம் செய்தார். கொண்டப்பநாயக்கன்பட்டி வீட்டை விற்றுவிட்டு, அதே ஏரிக்கரையின் கீழே, நெசவாளர் வீதியில் இடம் வாங்கி வீடு கட்டினார். அறிவுடையோர் எவரும் செய்யாத செயல் என்று நான் நேரிலேயே சொன்னேன்.

“பத்துல ஒண்ணுங்கறதை மேட்டுல உக்காந்துக்கிட்டுச் சொல்ற தகுதி எனக்கில்லை சார். அதுக்குக் கீழ படுத்துத் தூங்கிப் பாக்கறேன். அப்பவும் அதே எண்தானான்னு தெரியட்டும்” என்றார். ஊரார் மூட்டை வைப்பதை மறுபடியும் தொடங்கியிருந்தார்கள். அவரிடம் கேட்பதை மட்டும் விட்டிருந்தார்கள்.

மறு ஆண்டு நான் அவரைப் பார்க்கப் போனேன். வீதியில் ஒரே கட்டுமான வேலையாக இருந்தது. பக்கத்து வீட்டு நெசவாளர், சுறுசுறுப்பான மனிதர், என்னை வழிமறித்து வரவேற்றார்.

“சாருக்குச் சிநேகிதருங்களா? வாங்க, வாங்க. நானே மேட்டுத் தெருவுல எடம் பாத்து வெச்சிருந்தனுங்க. தறியைத் தூக்கிட்டு அங்க போயிரலாம்னு. மழைன்னா பயமுங்க. அப்பறம் சாரே இங்க ஊடு கட்டிட்டாருங்க. அத்தினி படிச்ச மனுசன், ஏரியைக் கரைச்சுக் குடிச்சவரு, தெரியாமயா வந்து குடியிருப்பாரு? மேட்டு எடத்தை வேண்டாம்னுட்டு, இங்கயே பக்கத்து எடத்தையும் வாங்கிப் போட்டுட்டனுங்க. எங்க பங்காளிக ரெண்டு ஊடு வருதுங்க.”

வாசலில் நின்ற அவர் முழுவதையும் கேட்டுவிட்டார். அந்த முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

அவர் சொல்லாமலிருந்தவர் அல்லர். வீடு வீடாகப் போனார். ஏரி உடையக்கூடும், நான் இங்கே இருப்பது அது உடையாது என்பதால் அல்ல என்று சொன்னார். “சார் எப்பவுமே அப்பிடித்தானுங்க, எதையும் அடிச்சுச் சொல்ல மாட்டாரு” என்று மோர் கொடுத்து உபசரித்து அனுப்பினார்கள். உடையும் என்று மறுபடி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் இம்முறை பலித்திராது. அவர் சொல்லைவிட அவர் வீடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தது.

ஆகவே போய்விடுவது என்று முடிவு செய்தார். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் யாராவது குடியேறுவார்கள்; விற்றாலும் அதுவே நடக்கும். வீட்டையே பிரித்துவிட ஆட்களை அமர்த்தினார். எல்லோரும் காணட்டும் என்று நடுப்பகலில், வீதி நிறைந்திருக்கும் நேரத்தில் கூரையைப் பிரிக்கச் சொன்னார். நான் உடனிருந்தேன். முதல் ஓடு கீழே இறங்கியபோது வீதியில் தறிச் சத்தம் நின்றது. இப்போது புரிந்துகொண்டார்கள் என்று நான் எண்ணினேன், அவரும் எண்ணியிருப்பார்.

“பையன் கோயமுத்தூருக்குக் கூப்பிட்டுட்டானாட்ட இருக்குது” என்றார் நெசவாளர். “வயசான காலத்துல மகங்கூட இருக்கறதுதானுங்க நல்லது.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகளை வாங்கி அடுக்க வந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். ஒரு ஓடுகூட உடையவில்லை. வேலை முடிந்ததும் நெசவாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஓடெல்லாம் என்ன பண்ணப் போறீங்க சார்? பெரியவளுக்கு ஊடு கட்டறேன். நீங்க குடியிருந்த ஊட்டு ஓடு அவ தலைக்கு மேல இருந்துதுன்னா, எங்களுக்கு ஒரு தைரியமுங்க.”

அவர் அந்த மனிதரின் தோளைப் பற்றிக்கொண்டார். ஓடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை மட்டும் அசைத்தார்.

அவர் காலத்தில் அந்த ஏரி உடையவில்லை. அதனால் அவர் தவறானவர் என்றும் ஆகாது, சரியானவர் என்றும் ஆகாது. இதை ஊருக்கு விளக்கும் முயற்சியை நான் கைவிட்டுவிட்டேன். கோயம்புத்தூரில் மகன் வீட்டில் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது, நான் இராசிபுரம் வழியாக வந்ததை அறிந்து, அந்த வீதி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் விற்காமல் வெறுமனே விட்டுவந்த மனையிலேயே ஒன்று, அதையடுத்து இரண்டு, எல்லாம் நல்ல ஓட்டு வீடுகள் என்று சொன்னேன்.

“குழந்தைங்க இருக்காங்களா?”

“இருக்காங்க” என்றேன்.

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போகும்வரை அவர் அதைத் தொடவில்லை.